கவ்வாத்துக் கத்தியை எந்த எண்ணெயில் தோய்ப்பது?

கவ்வாத்து தொடங்கப் போகிறது என்றால் எங்கள் பட்டறைக்குக் கத்திகள் சாக்கில் கட்டி வரும். "வேற இடத்துல அடிச்சதுண்ணே, நாலு செடி வெட்டுறதுக்குள்ள வாய் மடங்குது" என்பார்கள். அரத்தை வைத்தால் கறுக்கென்று கடிக்கும், இரும்பு இறுகவே இல்லை என்று அர்த்தம். சிவக்கச் சூடாக்கின கத்தியை இறுக்க எதில் தோய்த்தார்கள் என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான்: கராஜில் வாங்கின கழிவு ஒயில்.

சும்மா கிடைக்கும், அது ஒன்றுதான் அதன் நல்ல குணம். எஞ்சினில் தேய்ந்த உலோகத் தூள், கரி, சில நேரம் டீசலும் அதில் கிடக்கும். 800 டிகிரிக்கு மேல் சிவந்த இரும்பு உள்ளே போனதும் எழும்புகிற புகையைக் குனிந்து நிற்கிற நாம்தான் இழுக்கிறோம். டீசல் கலந்திருந்தால் குப்பென்று பிடிக்கவும் செய்யும். கத்தியும் டின்னுக்கு டின் ஒவ்வொரு மாதிரி வரும்.

அப்போ தண்ணீர்? நாங்கள் கத்தி அடிக்கிற லொறி வில், அதாவது சக்கரத்துக்கு மேலே இருக்கிற பட்டை ஸ்பிரிங், எண்ணெயிலேயே இறுகுகிற இரும்பு. தண்ணீரில் விட்டால் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கலாம், கேட்டால் விரிசல் விழுந்துவிட்டது, அந்தக் கத்தியை மறந்துவிடுங்கள்.

நான் பாவிப்பது தேங்காயெண்ணெய். ஆனால் அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், நுவரெலியாவில் வருடச் சராசரியே 16 டிகிரிதான், அதனால் காலையில் மூடியைத் திறந்தால் மெழுகு மாதிரி வெள்ளையாக இருக்கும். உலைக்குப் பக்கத்தில் வைத்து இளகவிட்டு, சிவக்காத அளவுக்குச் சூடாக்கின இரும்புத் துண்டு ஒன்றை உள்ளே விட்டு 50, 60 டிகிரிக்குக் கொண்டுவருவேன். குளிர்ந்த எண்ணெய்தானே சீக்கிரம் ஆற்றும் என்று பையன்கள் கேட்பார்கள். இல்லை. சிவந்த கத்தியைச் சுற்றி ஆவி போர்வை மாதிரி மூடிக்கொள்ளும்; எண்ணெய் இளகி ஓடினால்தான் அந்தப் போர்வை கிழியும், அப்புறம்தான் கத்தி சட்டென்று ஆறும். கடையில் விற்கிற சோயா எண்ணெயும் பரவாயில்லை, உறையாது, நாளானால் பிசுபிசுக்கும்.

எந்த எண்ணெயானாலும் பயப்பட வேண்டியது தண்ணீருக்குத்தான். எங்கள் தகரக் கூரை ஒழுகினது தெரியாமல் ஒரு நாள் கத்தியை இறக்கிவிட்டேன். தண்ணீர் அடியில் கிடந்தது. கத்தி முனை அங்கே பட்டதும் ஆவியாகி 1600 மடங்குக்கு மேல் விரிந்து மேலே இருந்த எண்ணெயையும் தூக்கி எறிந்தது, முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. இப்போது டின்னுக்கு எப்போதும் இரும்பு மூடி. மழை படாமலும் காக்கும், எண்ணெய் பற்றினால் அமுக்கவும் அதுதான். எரிகிற எண்ணெயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

கத்தியைப் பாதியில் நிறுத்தாமல் முழுதாக இறக்குங்கள், முன்னும் பின்னுமாக அசையுங்கள், பக்கவாட்டில் ஆட்டினால் கோணும். எடுத்ததும் அரம் வழுக்க வேண்டும். வழுக்கினால் நல்ல இறுக்கம், ஆனால் அப்படியே கொடுத்தால் முதல் கட்டையிலேயே வாய் உடையும். அன்றைக்கே துடைத்துத் தேய்த்து 200 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே, வாய் வைக்கோல் நிறத்துக்கு வரும்வரை மெதுவாகச் சூடாக்கிவிட்டுத்தான் பிடி போடுவேன்.