ஏமாற்றப்பட்டதை ஸ்பானிய மொழியில் சொல்லத் தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்பெயினுக்குப் படிக்கச் செல்வோருக்கு மொழி கற்பிக்கும்போது, வணக்கம், நன்றி, விலை கேட்பது எல்லாம் முடிந்த கையோடு பொய், ஏமாற்று, மோசடி ஆகியவற்றுக்கான சொற்களையும் நடத்திவிடுவது என் வழக்கம். பாடநூல்கள் இவற்றைக் கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளினாலும், வீட்டை நேரில் பார்க்காமலேயே முன்பணம் அனுப்பிவிட்டு, அப்படியொரு வாடகை வீடே இல்லை என்று பிறகு அறிய நேரும் மாணவருக்கு இவை போய் இறங்கிய முதல் வாரத்திலேயே தேவைப்படும்.

மூன்று வினைச்சொற்களை முதலில் பிரித்தறிய வேண்டும். உண்மையல்லாததைச் சொல்வது ‘மென்தீர்’. பேச்சாலோ செயலாலோ நம்பவைத்து ஏமாற்றுவது ‘எங்கன்யார்’. கணவனோ மனைவியோ துணைக்குத் துரோகம் செய்வதற்கும் இதே சொல்தான். ஏமாற்றிப் பணம் பறிப்பது ‘எஸ்தஃபார்’. காவல் நிலையத்தில் எடுபடுவது இந்த மூன்றாவது. ஸ்பெயினின் 1995ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 248ஆம் பிரிவு, ‘எஸ்தாஃபா’ என்னும் மோசடிக் குற்றத்துக்கு ஆதாய நோக்கம், மற்றவரைத் தவறாக நம்பவைக்கப் போதுமான ஏமாற்று, அந்த நம்பிக்கையால் தனக்கோ பிறருக்கோ நட்டம் வரும்படி அவர் பணத்தையோ பொருளையோ கொடுத்தல் ஆகியவற்றைக் கேட்கிறது. ஆகவே, வீட்டுக்காரர் பொய் சொன்னார் என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் போதாது. எந்த விளம்பரத்தை நம்பினீர்கள், எந்தத் தேதியில் எந்த வங்கிக் கணக்குக்கு எவ்வளவு அனுப்பினீர்கள் என்பதெல்லாம் ‘தெனுன்சியா’ எனப்படும் புகாரில் இடம்பெற வேண்டும். தொகை 400 யூரோவைத் தாண்டாவிட்டால் அது அபராதத்தோடு முடியும் சிறு குற்றம்தான் என்றாலும், அதற்காகப் புகார் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

ஆங்கிலம் வழியாகக் கற்கும் நம்மவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ‘தெசெப்சியோன்’ என்ற சொல்லில். ‘டிசெப்ஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் சாயல் இருப்பதால் அதை ஏமாற்று வேலை என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது எதிர்பார்த்தது நடக்காத மனவருத்தம். ஒரு மாணவர் என்னிடம் காட்டிய புகார் வரைவு முழுவதும் அந்தச் சொல்லே நிறைந்திருந்தது. படிக்கும் அதிகாரிக்கு, வீடு பிடிக்காமல் மனம் நொந்தவர் எழுதிய கடிதமாகத்தான் அது தோன்றியிருக்கும். ‘மே எஸ்தஃபாரோன்’, அதாவது என்னை மோசடி செய்துவிட்டார்கள், என்ற ஒரே வாக்கியத்தை முதல் வரியில் வைத்ததும் வரைவு சீரானது.

அன்றாடப் பேச்சில் வேறொரு கவனம் வேண்டும். நண்பர்களுக்கிடையே வியப்பில் வரும் ‘மென்தீரா!’, அதாவது பொய்!, என்பது நம் ‘சும்மா சொல்லாதே!’ போன்றது, அதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒருவரை நேருக்கு நேர் ‘மென்திரோசோ’, பொய்யர், என்பது சண்டைக்கு இழுப்பதாகும். வாடகைத் தகராறு முற்றாமலிருக்க, ‘எசோ நோ எஸ் வெர்தாத்’, அது உண்மையல்ல, என்று ஆளை விட்டுவிட்டுச் சொன்னதை மட்டும் மறுப்பதையே நான் பழக்குகிறேன்.