உப்பில் சூடு இல்லை

குளிர்நாடு ஒன்றில் தன் முதல் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "பனி விழுந்தால் சாலையில் லாரி லாரியாக உப்பு கொட்டுகிறார்கள். மைனஸ் 4 டிகிரி இருந்த அன்று கொஞ்ச நேரத்திலேயே பனி கரைந்து சாலை ஈரமாகிவிட்டது. போன வாரம் மைனஸ் 20. அதே சாலை, அதே உப்பு. ஆனால் உப்புக்கல்லும் அப்படியே கிடக்கிறது, பனியும் அப்படியே கிடக்கிறது. உப்பில் இருக்கும் சூடு அவ்வளவுதானா?"

நல்ல கேள்வி. மைனஸ் 4, மைனஸ் 20 என்று இரண்டு நாட்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததிலேயே பாதி விடை வந்துவிட்டது. மீதிப் பாதிக்கு, உப்பில் சூடு இருக்கிறது என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டும். சாலையில் தூவும் சாதாரண உப்பில் சூடு கிடையாது. உண்மையில் உப்பு விழுந்த இடம் முன்பைவிடக் குளிர்ந்துபோகிறது.

தண்ணீர் 0 டிகிரியில் உறையும், பனிக்கட்டி 0 டிகிரியில் உருகும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். இரண்டும் ஒரே வெப்பநிலைதான். அப்படியானால் சரியாக 0 டிகிரியில் தண்ணீரில் மிதக்கும் பனிக்கட்டி என்ன செய்யும்? பார்வைக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் அதன் மேற்பரப்பில் ஓயாத போக்குவரத்து நடக்கிறது. படிகத்தில் வரிசையாகக் கோத்து நிற்கும் மூலக்கூறுகள் சில கைவிட்டுத் தண்ணீருக்குள் போகின்றன. தண்ணீரில் அலையும் மூலக்கூறுகள் சில வந்து காலி இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. போவதும் வருவதும் சமமாக இருப்பதால் கட்டியின் அளவு மாறுவதில்லை. குளிர் கூடினால் போவது குறைந்து, வருவதன் கை ஓங்கும். அதைத்தான் உறைதல் என்கிறோம்.

இப்போது அந்தத் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போடுங்கள். உப்பு கரைந்து, மின்னூட்டம் கொண்ட சோடியம், குளோரைடு துகள்களாக, அதாவது அயனிகளாகப் பிரிந்து தண்ணீருக்குள் பரவுகிறது. பனிக்கட்டியின் படிகத்துக்குள் அவற்றுக்கு இடமில்லை. அந்த அடுக்கு அவ்வளவு கச்சிதமானது. ஆக, கட்டியை விட்டுப் போகும் மூலக்கூறுகளுக்கு எந்தத் தடையும் இல்லை. திரும்பி வரும் பக்கத்தில்தான் சிக்கல். கட்டியின் வாசலில் முன்பு முழுக்கத் தண்ணீர் மூலக்கூறுகள் நின்றன; இப்போது அந்தக் கூட்டத்தில் உள்ளே நுழைய முடியாத அயனிகளும் கலந்து நிற்கின்றன. அதனால் உள்ளே வருவோர் எண்ணிக்கை குறைகிறது, போவோர் எண்ணிக்கை குறைவதில்லை. கட்டி கரைகிறது. உப்பு பனிக்கட்டியை எதுவும் செய்யவில்லை. உருகிய தண்ணீர் திரும்பி வரும் வழியைத்தான் அடைக்கிறது. இதைப் புரிந்துகொண்ட நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அத்தனை எளிய கணக்கு, அத்தனை பெரிய விளைவு.

இதில் இன்னொரு அழகும் உண்டு. வழியை அடைப்பது யார் என்பது பொருட்டே இல்லை. எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. சர்க்கரையும் பனியை உருக்கும். ஒரு கிலோ தண்ணீரில் 342 கிராம் சர்க்கரையைக் கரைத்தால் உறைநிலை ஏறத்தாழ 1.9 டிகிரி இறங்கும். உப்பில் வெறும் 58.5 கிராமே சுமார் 3.4 டிகிரி இறக்கிவிடும். காரணம், உப்பின் துகள் சிறியது, போதாததற்குக் கரைந்ததும் இரண்டாகப் பிரிகிறது. கால்சியம் குளோரைடு மூன்றாகப் பிரிகிறது. கரைசலில் துகள்களின் எண்ணிக்கைதான் முக்கியம் என்ற இந்த ஆராய்ச்சிக்கு வேதியியலின் முதல் நோபல் பரிசே போனது: 1901, வான் ட ஹாஃப். உப்பு தண்ணீரில் இரண்டாகப் பிரிகிறது என்று சொன்ன அரேனியஸுக்கு 1903-இல்.

சரி, உருகுவதற்கான வெப்பம் எங்கிருந்து வருகிறது? ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வேண்டும். அதே ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடேற்றும் அளவு வெப்பம் அது. உப்பு அதில் ஒரு கலோரியும் தருவதில்லை. அதனால் சாலையிலிருந்தும் காற்றிலிருந்தும் பனிக்கட்டியிலிருந்துமே வெப்பம் உறிஞ்சப்படுகிறது. அந்த இடம் குளிர்கிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு தட்டில் பனிக்கட்டித் துண்டு. அதன்மேல் நனைத்த நூல். நூலின்மேல் ஒரு சிட்டிகை உப்பு. ஓரிரு நிமிடம் பொறுத்து நூலைத் தூக்கினால் கட்டியும் கூடவே வரும். உருக்குகிற உப்பு எப்படி ஒட்டவும் வைத்தது? முதலில் மேற்பரப்பு உருகி, நூல் உள்ளே அமிழ்கிறது. உருகும்போது கட்டி குளிர்கிறது. உருகிய நீரில் உப்பு பரவி நீர்த்துப்போனதும், குளிர்ந்த கட்டி அந்த நீரை மறுபடி உறைய வைத்துவிடுகிறது. நூல் அகப்பட்டுக்கொள்கிறது. சாலையில் உப்பைக் குறைவாகப் போட்டால் நடப்பதும் இதுவே: சாயங்காலம் கரைந்த பனி, ராத்திரியில் கண்ணாடிபோல இறுகிவிடும்.

இனி மைனஸ் 20-க்கு வருவோம். வெப்பநிலை இறங்க இறங்க, கட்டியை விட்டுப் போகும் மூலக்கூறுகள் குறைந்துகொண்டே வரும். அதை ஈடுகட்ட, திரும்பும் வழியை இன்னும் இறுக்கமாக அடைக்க வேண்டும். அதாவது இன்னும் செறிவான கரைசல் வேண்டும். மைனஸ் 1 டிகிரியில் ஒரு கிலோ உப்பு ஐம்பது கிலோவுக்கு மேல் பனியைக் கரைக்கும். மைனஸ் 10-இல் ஆறு கிலோ. மைனஸ் 20-இல் மூன்றரை கிலோ, அதுவும் மணிக்கணக்கில் காத்திருந்தால். மைனஸ் 21.1 டிகிரியில் ஆட்டம் முடிந்தது: 23 சதவீதச் செறிவுள்ள உப்புக்கரைசலே உறைந்து கல்லாகிவிடும். அதற்குக் கீழே எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை. நடைமுறையில் மைனஸ் 10-ஐத் தாண்டினாலே சாதாரண உப்பை நம்ப முடியாது. மக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் இன்னும் கீழே வரை வேலை செய்யும். கால்சியம் குளோரைடு கரையும்போது உண்மையிலேயே சூட்டை வெளியிடுகிறது. ஆனால் விலை கூடுதல்.

உலகம் முழுக்கப் பனியை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தால், ஒவ்வொரு ஊரின் வழிமுறைக்குப் பின்னாலும் அந்த ஊரின் வெப்பமானி நிற்பது தெரியும்.

அமெரிக்காவில் சாலைக்கு உப்பு போடும் பழக்கம் 1938-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் சோதனையாகத் தொடங்கியது. அதற்கு முன் வடக்கு ஊர்களில் பனியை அகற்றுவதில்லை. குதிரை இழுக்கும் பெரிய உருளைகளால் அழுத்திக் கெட்டிப்படுத்தினார்கள். சறுக்கு வண்டிகளுக்கு அதுதான் நல்ல சாலை. கூரை போட்ட மரப்பாலங்களுக்குள் பனி விழாது என்பதால், ஆள் வைத்து உள்ளே பனியை அள்ளிப் போட்டார்கள்! கார் வந்ததும் எல்லாம் தலைகீழானது. இன்று அந்த நாடு ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் உப்பைச் சாலையில் கொட்டுகிறது.

அத்தனை உப்பும் எங்கே போகும்? கார்களின் அடிப்பாகத்தையும் பாலங்களுக்குள் இருக்கும் கம்பியையும் துரு தின்கிறது. மிச்சம் ஏரிகளுக்குப் போகிறது. உப்புநீர் கனமானது, ஏரியின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நியூயார்க் மாநிலத்து மிரர் ஏரியில், வசந்தத்தில் மேல்நீரும் அடிநீரும் கலப்பதையே இந்த உப்பு தடுத்துவிட்டதாக ஆய்வாளர்கள் கண்டார்கள். கலக்காவிட்டால் அடியில் வாழும் உயிர்களுக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. பயன் இல்லாத குளிரில் மனநிறைவுக்காகக் கொட்டப்படும் ஒவ்வொரு மூட்டையையும் நான் இதை நினைத்தபடிதான் பார்க்கிறேன். பனி விழும் முன்பே உப்புக்கரைசலைச் சாலையில் கோடு கோடாகத் தெளித்துவிடுவது எவ்வளவோ மேல். பனி சாலையோடு ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் உப்பே போதும். பிறகு வண்டி வந்து வழித்துத் தள்ளிவிடலாம்.

ஜப்பானின் நாகஓகா நகரம் வேறு வழி கண்டது. சாலை நடுவே குழாய் பதித்து, நிலத்தடி நீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். குளிர்காலத்தில் தண்ணீரைத் தெளிப்பதா என்று திகைக்க வேண்டாம். நிலத்தடி நீர் ஆண்டு முழுக்க ஏறத்தாழ 13 டிகிரியில் இருக்கும். ஒரு கிலோ நீர் 0 டிகிரிக்கு இறங்குவதற்குள் சுமார் 160 கிராம் பனியை உருக்கிவிடும். நாகஓகாவில் பனி மலைபோலக் குவிந்தாலும் காற்று 0 டிகிரியை ஒட்டியே இருப்பதால், தெளித்த நீர் உறையாமல் ஓடிவிடுகிறது. இதையே மைனஸ் 15 டிகிரி ஊரில் செய்தால் தெருவே சறுக்கு மைதானமாகும். நீரில் உள்ள இரும்பால் அந்தத் தெருக்கள் செம்பழுப்பாகக் கறைபடிந்து கிடக்கும். நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதில் நிலம் கீழே அமிழ்ந்த சிக்கலும் வந்தது. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகருக்கு அந்தக் கவலை இல்லை. பூமிக்குள்ளிருந்து வரும் வெந்நீர் வீடுகளைச் சூடாக்கிவிட்டுத் திரும்பும்போதும் 35 டிகிரி வெதுவெதுப்போடு இருக்கும். அதை நடைபாதைகளுக்கு அடியில் ஓடவிடுகிறார்கள்.

இன்னும் குளிரான இடங்களில் பனியை உருக்கும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். உராய்வைக் கூட்டினால் போதும். ஃபின்லாந்தில் சல்லியைத் தூவுகிறார்கள், டயரில் ஆணி பதிக்கிறார்கள். ஆனால் உலர்ந்த மணலும் சல்லியும் நாலு வண்டி வேகமாகப் போனதும் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். நார்வேக்காரர்கள் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. மணலோடு கிட்டத்தட்டக் கொதிக்கும் நீரைக் கலந்து தூவுகிறார்கள். சூடான ஒவ்வொரு மணல்துகளும் தன் அடியில் ஒரு சின்னக் குழியை உருக்கி உட்கார்ந்துகொள்கிறது. சூழ்ந்த நீர் உடனே உறைந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. சாலை முழுக்க உப்புத்தாள் ஒட்டியதுபோல ஆகிவிடும், உப்பே இல்லாத உப்புத்தாள். உப்பைத் தோற்கடிக்கிற குளிர், இந்த மணலுக்குப் பசையாக வேலை செய்கிறது.

பனிக்கட்டி எதனால் வழுக்குகிறது என்பதும் இங்கே வந்தாக வேண்டும். உடல் எடையின் அழுத்தத்தால் உருகி வழுக்குகிறது என்று பல பாடநூல்கள் இன்னும் எழுதுகின்றன. கணக்குப் போட்டுப் பார்ப்போம். உருகுநிலையை 1 டிகிரி இறக்கவே சுமார் 130 வளிமண்டல அழுத்தம், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 130 மடங்கு தேவை. 60 கிலோ எடையுள்ளவர் 30 சென்டிமீட்டர் நீளம், 3 மில்லிமீட்டர் அகலமுள்ள சறுக்குக் கத்தியின்மேல் நின்றால் ஏழு வளிமண்டலத்தைக்கூட எட்டாது. சாதாரணச் செருப்பில் கேட்கவே வேண்டாம். மைனஸ் 5-இல் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொள்கிறவர்களை இந்த விளக்கம் தொடவே இல்லை.

1850-இல் மைக்கேல் ஃபாரடே, இரண்டு பனிக்கட்டிகளைத் தொட வைத்தால் ஒட்டிக்கொள்வதைக் கவனித்து, உறைநிலைக்குக் கீழேயும் பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீர்போன்ற மெல்லிய படலம் இருக்க வேண்டும் என்றார். மேல்வரிசை மூலக்கூறுகளுக்கு மேலே பிடித்துக்கொள்ள ஆள் இல்லாததால் அவை தளர்ந்து திரிகின்றன. அன்று அவர் பேச்சு எடுபடவில்லை; நூறாண்டுக்கு மேல் கழித்து நவீன கருவிகள் அந்தப் படலத்தைக் காட்டின. இடையில் 1939-இல் பௌடன், ஹியூஸ் என்ற இரு ஆய்வாளர்கள், சறுக்கும்போது பிறக்கும் உராய்வு வெப்பமும் மேற்பரப்பை உருக்குகிறது என்று நிறுவினார்கள். ஆல்ப்ஸ் மலையில் யுங்ஃபிராவ்யோக் ஆராய்ச்சி நிலையத்தின் பனிக்குகையே அவர்களுக்கு ஆய்வுக்கூடமானது. "இரண்டு பனிக்கட்டி ஏன் ஒட்டுகிறது?" என்று ஆராய இன்று ஒருவர் நிதி கேட்டால், இதனால் என்ன பயன் என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றே அஞ்சுகிறேன். வழுக்காத டயரும் காலணியும் வடிவமைக்கிறவர்கள் இன்று அந்தப் படலத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

குளிர் கூடக் கூட அந்தப் படலம் மெலிந்துகொண்டே போகும். மைனஸ் 40-இல் பனி கிட்டத்தட்ட மணல்போல ஆகிவிடும். துருவப் பயணிகள் சறுக்கு வண்டியை இழுக்க முடியாமல் திணறியது அதனால்தான். சைபீரியாவின் யாகூத்ஸ்க் நகரில் இந்தக் குளிர் ஜனவரியின் வாடிக்கை. அங்கே உறைந்த லேனா ஆறே குளிர்கால நெடுஞ்சாலை. கனடாவின் வடக்கே வைரச் சுரங்கங்களுக்குப் போகும் சாலையின் பெரும்பகுதியும் உறைந்த ஏரிகளின் மேல்தான். அங்கே பனிக்கட்டி கரைய வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை, தடிக்க வேண்டும் என்றுதான் பாடுபடுகிறார்கள். மேலே விழுந்த மென்பனி கம்பளிபோலக் குளிரைத் தடுப்பதால் அதை வழித்துவிட்டு, தண்ணீரை இறைத்து ஊற்றி அடுக்கடுக்காக உறைய வைக்கிறார்கள். சரக்கு ஏற்றிய லாரி மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. லாரியின் எடையால் பனித்தளம் லேசாக வளைந்து, அடியில் இருக்கும் நீரில் ஓர் அலை கிளம்புகிறது. லாரி அந்த அலையோடு போட்டி போட்டால், கரையருகே அலை முட்டித் தளத்தை உடைத்துவிடும்.

வாசகியின் தெருவில் கிடக்கும் உப்புக்கல்லுக்கு வருகிறேன். உப்பு வேலையைத் தொடங்க முதலில் ஒரு துளி நீராவது வேண்டும். மைனஸ் 4-இல் ஃபாரடேயின் படலமும் காற்றின் ஈரமும் அதைத் தாராளமாகத் தருகின்றன. மைனஸ் 20-இல் படலம் மிக மெல்லியது, காற்றும் காய்ந்தது. அந்தக் கல் கெட்டுப்போகவில்லை, காத்திருக்கிறது. வெயில் அடிக்கும் ஒரு மதியம், வெப்பநிலை மைனஸ் 8-க்கு ஏறியதும், பூதக்கண்ணாடியோடு குனிந்து பாருங்கள். கல்லைச் சுற்றி முதலில் ஒரு பளபளப்பு வரும். பிறகு கல் தன் அடியிலேயே ஒரு கிணற்றைத் தோண்டிக்கொண்டு நேராகக் கீழே இறங்கும். சாலையைத் தொட்டதும் பக்கவாட்டில் பரவி, பனிப்பாளத்தைத் தரையிலிருந்து பெயர்க்கத் தொடங்கும்.