தேங்காய்க்குப் பின்னால் இருக்கும் தட்டம்

மார்கழி விடுமுறையில் கிழக்கிலங்கையின் களுவாஞ்சிகுடியில் நான் பௌதிகவியல் படிப்பிக்கும் ரியூசன் கொட்டிலில் ஒரு படம் போட்டோம். பின்சுவரில் வெள்ளைத் துணி, இரவல் வாங்கிய புரொஜெக்டர். தகரத்தில் மழை விழத் தொடங்கினால் வசனம் கேட்காது என்பதால் கீழே எழுத்து ஓடும்படி செய்திருந்தோம். படம் 2014இல் வந்த 'இன்டர்ஸ்டெல்லர்'. உயர்தரப் பொடியன்களுக்கு என்றுதான் ஏற்பாடு. ஆனால் கதவு திறந்து கிடந்ததால் அயலட்டையும் வந்து வாங்குகளில் இருந்துவிட்டது.

முதல் அரை மணித்தியாலம் சோளக் காணியும் புழுதியும்தான். "விண்வெளிப் படம் எண்டு கூப்பிட்டுப்போட்டு சோளன் சேனையக் காட்டுறீங்க, நம்மட சேனை இத விட வடிவு" என்று ஒருவர் பகிடி விட்டார். இரண்டு பேர் நித்திரை. அப்புறம் அந்த நீர்க்கிரகத்தில் மலைபோல அலை எழும்பி வரும் இடம். கல்லாற்றிலிருந்து வந்திருந்த ஓர் அக்கா பேசாமல் எழும்பி வெளியே போய்விட்டார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. 2004 மார்கழி 26 இந்தக் கரையில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாத திகதி.

பிறகு, கருந்துளைக்கு அருகே சில மணித்தியாலம் நின்றுவிட்டுக் கப்பலுக்குத் திரும்பும் தகப்பன், இதற்கிடையில் 23 வருடம் போய்விட்டதைக் கண்டுபிடித்து, பிள்ளைகள் அனுப்பிய காணொளிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பான். மகன் பொடியனாக இருந்து தாடி வைத்த ஆளாகிவிடுவான். கொட்டிலில் சத்தமே இல்லை. அப்போது பின்வாங்கிலிருந்து ஒரு தாய் மெதுவாகச் சொன்னார்: "கட்டாருக்குப் போன ஆக்களுக்கும் இப்படித்தானே." பலத்த ஈர்ப்புக்கு அருகே நேரம் மெதுவாக ஓடும் என்று சொல்லும் சார்புக் கோட்பாட்டை நான் இருபது வருடம் படிப்பித்திருக்கிறேன். அதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னவர்களை நான் காணவில்லை.

கட்டுரைக்குக் காரணமான கேள்வி படம் முடிந்தபின் வந்தது. கேட்டவர் சந்திக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் அண்ணன். "சேர், அந்தக் கறுப்புக் குண்டச் சுத்தி வெளிச்சத் தட்டு ஒண்டு குறுக்கால கிடக்கு. சரி, சனிக் கிரகத்துக்கும் அப்படித்தான். ஆனா இதுக்கு மேலாலயும் ஒரு வளையம், கீழாலயும் ஒரு வளையம். அது என்னத்துக்கு? வடிவுக்கா?"

இல்லை அண்ணன், வடிவுக்கு இல்லை. அந்தப் படத்தில் வடிவுக்குச் செய்தது வேறொன்று. அதற்கு வருகிறேன்.

கருந்துளை என்றால் என்ன என்பதை வேகமாகக் கடந்துவிடலாம். ஒரு பொருளைப் போதிய அளவு சின்னதாக நெருக்கினால் ஒளிகூட அதிலிருந்து தப்ப முடியாது. சூரியனை ஏறத்தாழ 3 கிலோமீற்றர் ஆரையுள்ள உருண்டையாக நெருக்க வேண்டும். பூமி என்றால் ஆரை 9 மில்லிமீற்றர், பிள்ளைகள் விளையாடும் கண்ணாடிக் குண்டு அளவு. பெரிய நட்சத்திரங்கள் எரிந்து முடிந்தபின் இப்படிச் சுருங்கத்தான் வேண்டும் என்பதற்கான முதல் கணக்கைப் போட்டவர்களில் ஒருவர், 1930இல் கப்பலில் இங்கிலாந்து போய்க்கொண்டிருந்த 19 வயதுத் தமிழ்ப் பொடியன், சந்திரசேகர். நொபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது 1983இல்.

கருந்துளை தானாக வெளிச்சம் தராது. அதைச் சுற்றிச் சுழன்று விழும் வாயு உரசிச் சூடாகி ஒளிரும். அந்த வாயுதான் அண்ணன் சொன்ன வெளிச்சத் தட்டு. தட்டு ஒன்றே ஒன்றுதான், தோசை மாதிரித் தட்டையானது. மேலே நிமிர்ந்த வளையம், கீழே தொங்கும் வளையம் என்று எதுவும் அங்கே இல்லை.

இல்லாதது எப்படித் தெரிகிறது? செங்கலடி–பதுளை வீதியில் நண்பகலில் போய்ப் பாருங்கள். தூரத்தில் தாரில் தண்ணீர் கிடக்கும், கிட்டப் போனால் காணாமல் போகும். கானல் நீரில் நீங்கள் காண்பது தண்ணீரல்ல, வானம். வானத்திலிருந்து கீழே வந்த ஒளி, தாருக்கு மேலே உள்ள சூடான காற்றில் வளைந்து நிமிர்ந்து கண்ணுக்கு வருகிறது. கண்ணுக்கு வளைவு தெரியாது. ஒளி எந்தத் திசையில் கண்ணுக்குள் நுழைந்ததோ அந்தத் திசையில் நேர்கோடு போட்டு, பொருள் அங்கேதான் இருக்கிறது என்று சாதிக்கும். கண் ஒரு பிடிவாதக்காரன். இந்தப் பிடிவாதத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதி எல்லாம் தானாக வரும்.

நிறையும் ஒளியை வளைக்கும் என்பது ஐன்ஸ்டைன் சொன்னது. விரித்த துணியில் குண்டை வைத்தால் துணி பள்ளமாகும் என்ற உவமையைப் பாடசாலையில் கேட்டிருப்பீர்கள். எனக்கு அது பிடிக்காது. குண்டைக் கீழே இழுப்பதே ஈர்ப்புத்தான், ஈர்ப்பை வைத்து ஈர்ப்பை விளக்கினால் எப்படி? ஆனால் வளைவு உண்மை. 1919 மே 29 சூரிய கிரகணத்தின்போது ஒரு குழு ஆபிரிக்காவுக்கு அருகே பிரின்சிப்பே தீவுக்கும் இன்னொன்று பிரேசிலின் சோப்ரலுக்கும் போய், சூரியனின் ஓரத்தில் தெரிந்த நட்சத்திரங்களைப் படம் பிடித்து அளந்தன. சூரியன் தன் விளிம்பை உரசி வரும் ஒளியை 1.75 விகலை வளைக்கும். ஒரு பாகையை 3600 ஆகப் பிரித்தால் ஒரு துண்டு ஒரு விகலை. அவ்வளவு பெரிய சூரியனுக்கு அவ்வளவுதான் இயலும்.

கருந்துளை ஒளியை வளைப்பதற்கு அளவே இல்லை. ஒளியைப் பின்பக்கமாக இழுத்து வந்து முன்னால் விடும்.

இப்போது குசினிக்குப் போங்கள். பெரிய தட்டம் ஒன்றை எடுத்து நடுவில் ஒரு தேங்காயை வையுங்கள். தட்டம்தான் ஒளிரும் வாயு, தேங்காய்தான் கருந்துளை. மேசை மட்டத்துக்குக் கண்ணைப் பதித்துப் பாருங்கள். தட்டத்தின் முன்பாதி தேங்காய்க்குக் குறுக்கே ஒரு கோடாகத் தெரியும். பின்பாதியின் நடுப்பகுதியைத் தேங்காய் மறைத்துவிடும். சாதாரண உலகத்தில் கதை இத்துடன் சரி.

தேங்காய் கருந்துளையாக இருந்தால்? மறைந்திருக்கும் பின்பாதியிலிருந்து ஒரு கதிர் மேல்நோக்கிச் சாய்வாகக் கிளம்புகிறது என்று வையுங்கள். உங்களை நோக்கி வரவேண்டிய கதிர் அல்ல அது, தேங்காய்க்கு மேலால் கூரைக்குப் போகவேண்டியது. ஆனால் தேங்காயின் உச்சியைத் தாண்டும்போது ஈர்ப்பு அதைக் கீழே வளைக்கிறது, கதிர் உங்கள் கண்ணுக்குள் விழுகிறது. கண் தன் வழக்கப்படி நேர்கோடு போடுகிறது. கோடு தேங்காயின் உச்சிக்கு மேலே போய் நிற்கிறது. ஆகவே தட்டத்தின் பின்பாதி எழும்பி நின்று தேங்காய்க்கு மேல் வில்லாகக் கவிந்திருப்பதாகக் கண் சொல்கிறது.

இதோடு விடாது. தட்டத்துக்கு அடிப்பக்கமும் இருக்கிறதல்லவா? பின்பாதியின் அடியிலிருந்து கீழ்நோக்கிக் கிளம்பிய கதிர், தேங்காயின் அடியால் வந்து மேலே வளைந்து கண்ணை அடைகிறது. அது கீழே தொங்கும் வளையமாகத் தெரியும். அதாவது மேசைக்கு முன்னால் அசையாமல் இருந்தபடி, ஒரே நேரத்தில் தட்டத்தின் முன்பாதியையும், மறைந்த பின்பாதியின் மேல்பக்கத்தையும், அதன் அடிப்பக்கத்தையும் காண்கிறீர்கள். தனக்குப் பின்னால் உள்ள எதையும் மறைக்கத் தெரியாத பொருள் கருந்துளை. ஒளியையே விழுங்கும் ஒன்று தன் முதுகை இப்படிக் காட்டிக்கொண்டு நிற்கிறது என்பதை முதல்முதல் விளங்கிக்கொண்ட அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

இன்னும் உள்ளே போனால் இன்னும் வேடிக்கை. ஒளி தப்ப முடியாத அந்த உருண்டையின் ஆரையை எல்லை ஆரை என்று வைப்போம். சுழலாத கருந்துளை ஒன்றின் எல்லை ஆரையைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் ஒளி வட்டமாகவே சுற்றலாம். அங்கே ஒருவர் நிற்க முடியுமென்றால் நேரே முன்னால் பார்த்துத் தன் பிடரியைக் காண்பார். அந்த வட்டத்துக்குச் சற்று வெளியே, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தப்பி வரும் கதிர்கள் கறுப்பின் ஓரத்தில் நூல் போல ஒரு மெல்லிய ஒளிக்கோட்டை வரையும். நடுவில் தெரியும் கறுப்பு, கருந்துளையின் உண்மையான அளவும் அல்ல. அது ஏறத்தாழ 2.6 மடங்கு பெரிதாகத் தெரியும் நிழல்.

இதையெல்லாம் முதலில் வரைந்தது சினிமாக்காரர்கள் இல்லை. 1979இல் பிரெஞ்சு விஞ்ஞானி ழான் பியேர் லுமினே, துளையட்டை போடும் பழைய ஐபிஎம் கணினியில் கணக்குப் பார்த்து, வந்த எண்களை வைத்து மையால் புள்ளி புள்ளியாகக் கையாலேயே குத்தி அந்தப் படத்தை உருவாக்கினார். 'இன்டர்ஸ்டெல்லர்' குழுவுக்குச் சமன்பாடுகளைக் கொடுத்தவர் கிப் தோர்ன், 2017இல் ஈர்ப்பலைகளுக்காக நொபெல் பரிசு வாங்கியவர்களில் ஒருவர். சில சட்டகங்களைக் கணினி வரைந்து முடிக்க 100 மணித்தியாலம் வரை எடுத்ததாம்.

வசதி அவ்வளவு இருந்தும், லுமினேயின் கைப்படத்தில் உள்ள ஓர் உண்மை சினிமாப் படத்தில் இல்லை. லுமினேயின் படத்தில் ஒரு பக்கம் பளீரென்றும் மறுபக்கம் மங்கியும் இருக்கும்.

ஏன்? மாரி மழையில் கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் போய்ப் பாருங்கள். மழை நேராகத்தான் விழுகிறது, ஆனால் முழுவதும் முகத்தில் அடிக்கும், முதுகு அவ்வளவாக நனையாது. ஓடும் வேகம் துளிகளை முன்பக்கத்துக்குத் திரட்டுகிறது. அதைத் திருப்பிப் போடுங்கள்: வேகமாக ஓடும் விளக்கு ஒன்று எல்லாப் பக்கமும் வீசும் ஒளியும் அது ஓடும் திசையிலேயே திரளும். தட்டின் உள்விளிம்பில் வாயு ஒளியின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. நம்மை நோக்கி வரும் பக்கம் நம் முகத்தில் டோர்ச் அடித்தது போலப் பிரகாசிக்கும், விலகிப் போகும் பக்கம் மங்கும். கல்முனை பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும்போது கீச்சென்றும், தாண்டிப் போனபின் தாழ்ந்தும் கேட்கும் அந்த டொப்ளர் விளைவும் சேர்ந்து, வரும் பக்கத்தை நீலத்துக்கும் போகும் பக்கத்தைச் சிவப்புக்கும் தள்ளும்.

படக்குழு இதையெல்லாம் கணித்துத்தான் பார்த்தது. பார்த்துவிட்டு, சனம் குழம்பிவிடும் என்று எடுத்துவிட்டது. கருந்துளையின் சுழற்சியையும் படத்துக்காகக் குறைத்தார்கள். கதையில் வருவது போல நீர்க்கிரகத்தில் ஒரு மணித்தியாலம் பூமியில் ஏழு வருடமாவதற்கு அது உச்ச வேகத்துக்கு மிக மிக அருகில் சுழல வேண்டும், ஆனால் திரையில் நாம் காண்பது உச்சத்தின் 0.6 பங்கில் சுழலும் ஒன்று. உச்சத்தில் சுழன்றால் நிழல் ஒரு பக்கம் சப்பையாகி, அதுவும் குழப்புமாம். அதாவது, அண்ணன், வடிவுக்காகச் செய்தது வளையத்தைச் சேர்த்தது அல்ல, இருபக்கத்தையும் ஒரே மாதிரி ஆக்கியது. எனக்கு இதில் கோபம். குழம்பினால் என்ன? குழம்பியதால்தானே தையல் கடைக்காரர் கேள்வி கேட்டார்.

உண்மையான படம் 2019 ஏப்ரல் 10இல் வந்தது. 55 மில்லியன் ஒளியாண்டு தூரத்தில், எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவில், சூரியனைப் போல 6.5 பில்லியன் மடங்கு நிறையுள்ள கருந்துளை. 2017இல் ஆறு இடங்களில் இருந்த எட்டுத் தொலைநோக்கிகள் சேர்ந்து வானொலி அலைகளில் பிடித்த தரவு. இணையத்தில் அனுப்ப முடியாத அளவு என்பதால் வன்தட்டுகளில் விமானமேற்றினார்கள். தென்துருவத்துத் தட்டுகள் அங்கே பனிக்காலம் முடியும்வரை காத்துக் கிடந்தன. வந்த படத்தைப் பார்த்துப் பலர் "சினிமாவில் வந்தது போல இல்லையே, மங்கலான உளுந்து வடை மாதிரி இருக்கு" என்றார்கள். காரணம் நம் தட்டம்தான். அங்கே நாம் மேசை மட்டத்திலிருந்து பார்க்கவில்லை, ஏறத்தாழ மேலிருந்து எட்டிப் பார்க்கிறோம். ஆனால் அந்த வடையின் கீழ்ப்பக்கம் மேல்பக்கத்தை விடப் பளிச்சென்று இருக்கிறது. படக்குழு எடுத்துவிட்டதை வானம் வைத்திருக்கிறது.

அதே வருடம் மார்கழி 26 காலையில் வடக்கிலும் திருகோணமலையிலும் கங்கண கிரகணம், இங்கே பாதிக் கிரகணம். நான் அட்டையில் ஊசித்துளை போட்டுக்கொண்டு ஒழுங்கையில் நின்றேன், கூடவே நான்கு பிள்ளைகள்தான். மற்றப் பிள்ளைகளை ராகு கேது கதை சொல்லிக் கதவைச் சாத்தி உள்ளே வைத்திருந்தார்கள். வெறுங்கண்ணால் பார்க்காதே என்பது சரியான புத்தி. பார்க்கவே பார்க்காதே என்பது வேறு. 1919இல் அந்த நிழலுக்குள் நிற்பதற்காகக் கடல் கடந்து போயிருக்கிறார்கள்.

சனத்தை மட்டும் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. இந்த நாடு ஆராய்ச்சிக்கு ஒதுக்குவது மொத்த உற்பத்தியில் அரை வீதம்கூட இல்லை. மொறட்டுவையில் ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில் இருக்கும் 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி யப்பான் அன்பளிப்பாகத் தந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளை அதைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு முழுநாள் பஸ்ஸில் போக வேண்டும். கிழக்கில் ஒரு நடுத்தரத் தொலைநோக்கியும் அதை இரவில் திறந்துவிட ஒரு ஆளும் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

சரி, அண்ணனிடம் திரும்புவோம். தேங்காயும் தட்டமும் வைத்துக் காட்டியபின் அவர் வீட்டுக்குப் போய்ப் படத்தை மறுபடியும் போட்டு, அந்தக் கருந்துளை வரும் இடத்தில் நிறுத்தி, போனில் படமெடுத்து அனுப்பியிருந்தார். கூடவே ஒரு குரல் செய்தி: "சேர், வாற பக்கம் வெளிச்சம், போற பக்கம் மங்கல் எண்டீங்க. அப்ப இது எந்தப் பக்கமாச் சுத்துது?"

நான் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பிரகாசம். நிறுத்திவைத்த அந்தப் படத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்லியிருக்கக்கூடிய வெளிச்சத்தைத்தான் எடுத்துவிட்டார்களே.