கந்தகம் போட்ட முடிச்சு

"பிரிட்டனில் மழைக்கோட்டை 'மேக்' என்கிறார்களே, ஆப்பிள் கம்ப்யூட்டரின் பெயரும் அதிலிருந்து வந்ததா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை. கம்ப்யூட்டருக்குப் பெயர் தந்தது ஓர் ஆப்பிள் ரகம். கோட்டுக்குப் பெயர் தந்தவர் சார்லஸ் மேகின்டாஷ், கிளாஸ்கோ வேதியியலாளர். கோட்டின் ஆங்கிலப் பெயரில் மட்டும் 'கே' என்ற எழுத்து எப்படியோ நடுவில் புகுந்துகொண்டது.

மேகின்டாஷ் குடும்பத்துக்குச் சாயத் தொழில். அதற்கு அம்மோனியா வேண்டும் என்பதால் நிலக்கரி வாயு ஆலையின் கழிவை வாங்கினார். கூடவே வந்த தாரை வடித்தால் நாஃப்தா என்ற எளிதில் ஆவியாகும் எண்ணெய் கிடைத்தது. அது ரப்பரைக் கரைக்கும் என்று 1818இல் கண்டுபிடித்தவர் எடின்பரோ மருத்துவ மாணவர் ஜேம்ஸ் சைம். (பின்னாளில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர்; அறுவை சிகிச்சையில் கிருமிநீக்கத்தைக் கொண்டுவந்த ஜோசப் லிஸ்டரின் மாமனார்.) வைத்தியம் படிக்கிற பையன் தாரைக் கிண்டுவதற்கு இன்று யார் நிதி தருவார்கள்? 'எதிர்பார்க்கும் பயன்' என்ற கட்டத்தில் அவன் என்ன எழுதியிருப்பான்?

1823இல் மேகின்டாஷ் காப்புரிமை பெற்றார். கரைத்த ரப்பரைத் துணியில் பூசி, மேலே இன்னொரு துணியை வைத்து அழுத்துவதுதான் முறை. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் 'சொல்யூஷன்' தெரியுமல்லவா, கிட்டத்தட்ட அதே பண்டம். ரப்பர் நடுவில் ஒளிந்துகொண்டதால் பிசுக்கு கையில் ஒட்டாது. ஆனால் வெயில் ஏறினால் உள்ளே இளகும், குளிரில் விறைத்துப் பலகையாகும். நாற்றம் வேறு!

ஏன் இப்படி? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இயற்கை ரப்பர் என்பது ஐசோப்ரீன் என்ற சிறு மூலக்கூறு அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலிகள். கூடையில் அள்ளிப் போட்ட நூல்போலச் சிக்கிக் கிடக்கும்; ஆனால் ஒன்றோடொன்று கட்டப்படவில்லை. சூடேறினால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், அதுதான் பிசுபிசுப்பு. குளிர்ந்தால் அசைய முடியாமல் அடங்கிவிடும், அதுதான் விறைப்பு. இப்போது கந்தகம் சேர்த்துச் சூடாக்குங்கள். சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தருகே கந்தக அணு தொற்றி, பக்கத்துச் சங்கிலிக்கு ஒரு பாலம் போடும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போட்டாலே போதும், நூல்குவியல் மீன்வலையாகிவிடும். முடிச்சுகளுக்கு இடையே நூல் தாராளமாக நெளியலாம், இழுத்தால் நீளும். விட்டால் முடிச்சுகள் பழைய இடத்துக்கே இழுத்து வந்துவிடும். நாஃப்தாவில் ஊறவைத்தால் உப்புமே தவிரக் கரையாது, வலையை எப்படிக் கரைப்பது? கந்தகத்தை ஏகமாகக் கொட்டினால் முடிச்சு நெருங்கி எபோனைட் என்ற கெட்டி ரப்பர் ஆகும். பேனா செய்யலாம், கோட்டு தைக்க முடியாது.

அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839இல் இந்தக் கந்தக வித்தையைக் கண்டார். அவருடைய ரப்பர் துண்டுகள் மேகின்டாஷின் கூட்டாளி தாமஸ் ஹான்காக் கைக்கு வந்தன. மேலே மஞ்சளாகப் பூத்திருந்த பொடி கந்தகம் என்று அவர் ஊகித்தார். 1843இல் பிரிட்டனில் காப்புரிமைக்கு முந்திக்கொண்டார். குட்இயர் வழக்காடித் தோற்றார், கடனோடு செத்தார். ஹான்காக் கெட்டிக்காரர் என்பதில் சந்தேகமில்லை, ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. ரகசியம் காப்பதிலும் அவர் மன்னன்: ரப்பரைப் பிசையும் தன் எந்திரத்துக்கு 'ஊறுகாய்' என்று பொய்ப்பெயர் வைத்திருந்தவர்!

வலை கிடைத்தும் ஒரு தொல்லை தீரவில்லை: தையல். ஊசி குத்தும் ஒவ்வொரு துளையும் மழைக்குத் திறந்த வாசல். ஸ்காட்லாந்தின் கம்பர்னால்டில் 'மேகின்டாஷ்' கோட்டு செய்பவர்கள் பசையை விரலாலேயே தையல்மேல் இழுத்துத் தேய்த்து, மேலே துணிப்பட்டை ஒட்டுவார்கள்.