ப்ளைவுட் பெட்டியும் மறைந்துபோன பாதமும்

செகண்ட் லைஃப் என்ற இணைய உலகத்தில் முதன்முதலாக ஒரு பொருள் செய்ய உட்காருகிறவருக்குக் கிடைப்பது அரை மீட்டர் ப்ளைவுட் பெட்டி. தரையைச் சொடுக்கினால் மரப்பலகை நிறத்தில் ஒரு கனசதுரம் வந்து உட்காரும். அதை நீட்டி, நசுக்கி, குடைந்து, முறுக்கி, இன்னும் நாலு பெட்டியோடு கோத்தால் நாற்காலி. பொறுமை இருந்தால் வீடு.

2003 ஜூனில் சான் ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த லிண்டன் லேப் நிறுவனம் இந்த உலகத்தைத் திறந்தது. நிலம், வானம், தண்ணீர் மட்டும்தான் அவர்கள் வேலை. மேலே நிற்கிற கிட்டத்தட்ட எல்லாமே அங்கே வந்து போகிறவர்கள் செய்தது. அதே ஆண்டு நவம்பரில், செய்த பொருளின் உரிமையும் செய்தவருக்கே என்று அறிவித்தார்கள். வழக்கமான விளையாட்டுகளில் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று தயாரித்தவர்களுக்குத் தெரியும். இங்கே தெரியாது. அப்டேட் போடுகிறவர்களின் தலைவலி அங்கேதான் தொடங்குகிறது.

அந்தப் பெட்டிக்குப் பெயர் பிரிம். அதன் வடிவம் முழுதாக இணையத்தில் பயணம் செய்வதில்லை. ‘பெட்டி, நீளம் இவ்வளவு, முறுக்கு இவ்வளவு’ என்று சில எண்கள் மட்டும் போகும். பார்ப்பவரின் கணினியில் இருக்கும் வியூவர் என்ற மென்பொருள் அதை வைத்து உருவத்தைக் கட்டிக்கொள்ளும். சமைத்த சாப்பாட்டை அனுப்பாமல் சமையல் குறிப்பை அனுப்புவது மாதிரி. அன்றைய இணைய வேகத்துக்கு வேறு வழியும் இல்லை.

ஆனால் பெட்டியையும் உருளையையும் வைத்துக்கொண்டு ஒரு மாம்பழம் செய்வது கஷ்டம். 2007இல் அதற்கு வந்த தீர்வு எனக்கு இன்றைக்கும் ரொம்பப் பிடித்த தந்திரம். ஒரு சாதாரணப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அளவுகள் இருக்கும். அவற்றை நிறமாகப் பார்க்காமல் இடமாகப் படித்தால்? சிவப்பு இடவலம், பச்சை முன்பின், நீலம் உயரம். படம் அப்படியே மேடுபள்ளமான ஒரு மேற்பரப்பாகிவிடும். இதுதான் ஸ்கல்ப்ட் பிரிம். படங்களை அனுப்பும் வழி ஏற்கெனவே இருந்ததால், வடிவத்தைப் படம் என்று சொல்லி அதே வழியில் கடத்திவிட்டார்கள். அந்தப் படத்தைத் திறந்து பார்த்தால் வானவில்லைக் கரைத்து ஊற்றியதுபோல இருக்கும். மாம்பழத்தின் சாயலே இருக்காது.

2011இல் மெஷ் வந்தது. வெளியே முப்பரிமாண மென்பொருளில் சின்னச் சின்ன முக்கோணங்களால் செய்த உருவத்தை அப்படியே ஏற்றலாம். கூடவே ஒரு கணக்கும் வந்தது. ஒவ்வொரு மெஷ்ஷுக்கும் நான்கு நகல்கள் உண்டு: பக்கத்தில் நின்று பார்க்க நுணுக்கமானது, தள்ளிப் போகப் போக எளிமையானவை. இந்த நகல்கள் எவ்வளவு கனம் என்பதையும் சேர்த்துத்தான் நிலத்தில் அந்தப் பொருள் எவ்வளவு இடத்தைப் பிடிக்கும் என்று கணக்கிடுவார்கள். நிலத்தின் கொள்ளளவோ வரையறுக்கப்பட்டது. விடுவார்களா? தூரத்து நகல்களை நாலைந்து முக்கோணமாகச் சுருக்கிவிட்டுக் கணக்கைக் குறைத்தவர்கள் உண்டு. கிட்டே போனால் அழகான சோபா. பத்தடி பின்வாங்கினால் உடைந்த கண்ணாடிச் சில்லு.

அப்புறம் அந்தச் செருப்புக் கதை. அவதார் என்பது அந்த உலகத்தில் நமக்காக நடமாடும் உருவம். அன்றைக்கு அதன் உடம்பு எல்லாருக்கும் பொதுவான ஒரே அச்சு. அதற்குக் குதிகால் உயர்ந்த செருப்பு செய்து மாட்டினால் பாதம் செருப்பைத் துளைத்துக்கொண்டு வெளியே தெரிந்தது. செருப்பு செய்கிறவர்கள் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள்: பிரிமின் மேல் ஒரு குறிப்பிட்ட டெக்ஸ்சரை, அதாவது மேற்பரப்பில் ஒட்டும் படத்தைப் பூசினால், அந்தப் பிரிமுக்குப் பின்னால் இருக்கும் உடம்பு வரையப்படாமல் போனது. பாதத்தைச் சுற்றி அதை மாட்டிவிட்டால் பாதம் மாயம்! தண்ணீர் அருகே நின்றால் தண்ணீரும் சேர்ந்து மாயமானது சின்னக் குறை. ஓட்டையை நம்பி எத்தனையோ செருப்புகள் விற்றுப்போயின. பிறகு நிழலும் ஒளியும் நன்றாக விழுகிற புதிய வரையும் முறை வந்தது. அதில் இந்தத் தந்திரம் வேலை செய்யவில்லை. காசு கொடுத்து வாங்கிய செருப்புக்குள்ளிருந்து பாதம் மறுபடி எட்டிப்பார்த்தது. உடம்பின் பகுதிகளை முறையாக மறைக்க 2010இல் தனி வசதி கொடுத்தார்கள். ஆனால் பழைய செருப்புகள் அதனால் தாமாகத் திருந்திவிடவில்லை.

சர்வர் பக்கத்து வேலை வேறு விதம். நிலம் 256க்கு 256 மீட்டர் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு துண்டையும் ஒரு நிரல் விநாடிக்கு 45 முறை புதுப்பிக்கிறது. அதாவது ஒரு சுற்றுக்கு 22 மில்லி விநாடிதான். பொருள்கள் விழுவது, மோதுவது, அவதார்கள் நடப்பது எல்லாம் முடிந்து மிஞ்சுகிற நேரம் ஸ்கிரிப்டுகளுக்கு, அதாவது பொருள்களுக்குள் வைத்து அவற்றை இயக்கும் சின்ன நிரல்களுக்கு. கூட்டம் அதிகமானால் முதலில் தவிப்பது அவைதான்: கதவு தட்டினால் மெதுவாகத் திறக்கும், விற்பனைப் பெட்டி யோசித்து யோசித்துப் பொருளைத் தரும்.

புதிய சர்வர் நிரலை ஒரே நாளில் எல்லா இடத்திலும் ஏற்றுவதில்லை. வழக்கமாக ஒரு புதன்கிழமை சில துண்டுகளில் மட்டும் சோதனையாக ஏற்றுவார்கள். வம்பில்லை என்றால் பிந்தைய செவ்வாய்க்கிழமை ஒன்றில் மற்றவற்றுக்கும் போகும். அங்கே நிற்கிறவர்களுக்குச் சில நிமிடம் முன்னதாக அறிவிப்பு வரும், கிளம்பாதவர்கள் வெளியேற்றப்படுவார்கள். சரி, ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்டுகள்? ஒவ்வொன்றும் எந்த வரியில் நின்றது, எந்த எண்ணை நினைவில் வைத்திருந்தது என்பதெல்லாம் சேமிக்கப்படும். துண்டு மறுபடி எழுந்ததும் கடிகாரப் பொம்மை, தான் விட்ட அதே வரியிலிருந்து எண்ணத் தொடங்கும். நடுவில் உலகம் நின்றுபோனது அதற்குத் தெரியாது.