பெயின்ட்டுக்கு முன்னால் பிரேக்: பழைய காரை எஃப்.சி.க்குத் தயார் செய்வது

காரைக்குடியில் இருபத்தாறு வருடமாக ஒர்க்ஷாப் வைத்திருக்கிறேன். மாதம் தவறாமல் இப்படி ஒரு போன் வந்துவிடும்: "அண்ணே, நாளன்னைக்கு எஃப்.சி. வண்டியைக் கொண்டாரவா?" எஃப்.சி. என்றால் வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று சோதித்துத் தரும் சான்று. நாளை மறுநாள் எஃப்.சி. என்றால் இன்றைக்கு என்ன செய்ய முடியும்? வாட்டர் வாஷ் அடிக்கலாம், பம்பரில் டச்-அப் பண்ணலாம், எரியாத பல்பை மாற்றலாம். வண்டி பளபளவென்று நிற்கும். ஆனால் சக்கரத்தைக் கழற்றி உள்ளே பார்க்க நேரம் இருக்காது. பழைய காரில் ஆபத்து இருப்பதோ அங்கேதான்.

யாருக்கு எப்போது என்பதில் நிறையப் பேருக்குக் குழப்பம் இருக்கிறது. மஞ்சள் போர்டு டாக்சிக்கு முதல் 8 வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி. அதற்கு மேல் ஒவ்வொரு வருடமும் காட்ட வேண்டும். சொந்தக் காருக்குப் பதிவு செய்த நாளிலிருந்து 15 வருடம் ஆர்.சி. (பதிவுச் சான்று) செல்லும். அப்புறம் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.சி. முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே இதற்கு விண்ணப்பிக்கலாம். டாக்சியோ சொந்தக் காரோ, அந்த இரண்டு மாதத்தின் முதல் வாரத்திலேயே வண்டியை ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுவாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் கெஞ்சுகிறேன்.

எங்கள் பக்கத்துக் கார்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று எந்த ஊருக்குப் போனாலும் பெரிய வீடு, பக்கத்தில் கார் ஷெட், உள்ளே துணி போர்த்திய ஒரு கார் இருக்கும். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் சடங்கு), கோயில் விசேஷம் என்று வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை வருவார்கள். அப்போது மட்டும் கார் வெளியே வரும். "ஓடவே இல்லையே தம்பி, அதுல என்ன கெட்டுப்போகும்?" என்று ஓர் ஆச்சி என்னிடம் கேட்டார். 15 வருடத்தில் 38,000 கிலோமீட்டர்தான் ஓடிய வண்டி அது. வெளியே ஒரு கீறல் கிடையாது.

பின் சக்கரத்தைக் கழற்றினோம். ட்ரம் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் உருளை) வரவில்லை. மாதக்கணக்கில் ஹேண்ட் பிரேக் போட்டே நிறுத்தியதில் ட்ரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூ அதோடு துருப்பிடித்து ஒட்டியிருந்தது. சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டி எடுத்தபின், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் தொப்பியை விரலால் லேசாகத் தூக்கிக் காட்டினேன். உள்ளே காய்ந்திருக்க வேண்டிய இடத்தில் பிரேக் ஆயில் நின்றது. தொப்பியை விட்டதும் ஒரு சொட்டு வழிந்து ஷூவில் இறங்கியது. ஆச்சி அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "செலவைப் பாக்காதே தம்பி, எல்லாத்தையும் மாத்து" என்றார்.

நின்ற வண்டி கெடாது என்பது தப்பு. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்ற தரத்துப் புது பிரேக் ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த அளவு 140 வரை இறங்கிவிடும். வண்டி ஓடினாலும் நின்றாலும் இது நடந்துகொண்டேதான் இருக்கும். அதே ஈரம் சிலிண்டருக்குள் துருவைக் கிளப்பும், துரு ரப்பரைக் கிழிக்கும். அதனால் கிலோமீட்டரைப் பார்க்காமல் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஆயிலை முழுசாக மாற்றுங்கள். வண்டியை நீண்ட நாள் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் வேண்டாம். கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

பிரேக் விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்து நான்காவது வருடம், ஒரு டாக்சிக்காரர் அவசரப்படுத்தினார் என்று முன் டிஸ்க்கை மட்டும் பார்த்துவிட்டுப் பின் ட்ரம்மைத் திறக்காமல் அனுப்பினேன். எஃப்.சி. கிடைத்துவிட்டது. பத்தாவது நாள் திருப்பத்தூர் சாலையில், குன்றக்குடி தாண்டி, பிரேக் பெடல் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. வண்டியில் பிள்ளையார்பட்டி போகிற ஒரு குடும்பம், இரண்டு குழந்தைகள். டிரைவர் நிதானமானவர். கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, புளியமரத்தடி மண்ணில் இறக்கி நிறுத்திவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து நாலு சக்கரத்தையும் கழற்றாமல் எந்த வண்டியையும் எஃப்.சி.க்கு நான் அனுப்பியதில்லை.

அடுத்து டயர். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன மேடு இருக்கும். பட்டன், அதாவது ரோட்டில் படும் ரப்பர், தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான் என்று அர்த்தம். காருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லையே அதுதான். நின்ற கார்களில் பட்டன் புதுசாகவே இருக்கும், பக்கச் சுவர்தான் வெடித்திருக்கும். டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2317 என்றால் 2017-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருக்கிறதே என்று பத்து வருட டயரில் மே மாத வெயிலில் மதுரைக்குக் கிளம்பாதீர்கள்.

எஃப்.சி.க்காக மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிக் காட்டிவிட்டு, சாயங்காலமே பழைய டயரை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். என்னிடமும் கேட்பார்கள், நான் கொடுப்பதில்லை. நம்மை நம்பி ஏறுகிறவர்கள் எங்கிருந்தோ செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வந்தவர்கள். சான்றிதழில் இருக்கும் வண்டியில்தான் போகிறோம் என்று நினைப்பார்கள். கையில் பணம் இல்லை என்றால் சொல்லுங்கள், இரண்டு டயராவது இப்போது போடுவோம், மிச்சத்தைத் தவணையில் பார்ப்போம்.

ஸ்டியரிங்கை வீட்டிலேயே பார்க்கலாம். இன்ஜினை ஓடவிட்டு, சக்கரம் திரும்பாமல் ஸ்டியரிங் எவ்வளவு தூரம் சும்மா ஆடுகிறது என்று பாருங்கள். ரொம்ப ஆடினால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டோ, சக்கரப் பக்கத்து மூட்டான பால் ஜாயின்ட்டோ தேய்ந்திருக்கும். அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2014-உடன் அந்தக் கார் உற்பத்தியே நின்றுவிட்டது. சில உதிரி பாகங்கள் தேடித்தான் கிடைக்கும், அதனால் உங்களுக்கு இரண்டு மாதம் போதாது. மூன்று மாதமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

லைட்டுகளை ராத்திரியில், ஒருவரைப் பின்னால் நிற்க வைத்துச் சோதியுங்கள். பிரேக்கை மிதிக்கும்போது இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக மினுக்கினால் பல்பில் கோளாறு இல்லை, எர்த் (வண்டியின் பாடியோடு சேரும் வயர் இணைப்பு) போயிருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, துருவைத் தேய்த்து முடுக்கினால் சரியாகிவிடும். ஷெட்டில் நின்ற வண்டி என்றால் எலியை மறக்காதீர்கள். ஒரு வயரை எலி கடித்திருந்தால் வேறு வயர்களையும் கடித்திருக்கும், டேப் சுற்றிவிட்டு நகராதீர்கள். பெட்ரோல் ஹோஸையும் தடவிப் பாருங்கள். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, பழைய ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாது. விரலில் பிசுபிசுத்தாலோ வெடிப்புத் தெரிந்தாலோ உடனே மாற்ற வேண்டும். தீ விபத்துக்கு அந்த ஒரு முழ ஹோஸ் போதும்.

சேஸிஸ் நம்பரால், அதாவது வண்டியின் உடம்பில் பொறித்திருக்கும் அடையாள எண்ணால், திரும்பி வந்த வண்டிகள் எத்தனையோ. போன வருடம் ஒருவர், வண்டி பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று அடிப்பாகம் முழுக்கக் கறுப்புப் பூச்சு அடித்துவிட்டார். நம்பர் அடியில் போய்விட்டது. பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்த்தார், நம்பர் தெரியவில்லை, போய்விட்டு வாருங்கள் என்றுவிட்டார். அவர் செய்ததில் தப்பே இல்லை. ஆர்.சி.யில் உள்ள நம்பர் வண்டியில் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. எமரித் தாளோ கிரைண்டரோ போடாதீர்கள், எழுத்து தேய்ந்துபோனால் பெரிய வம்பு. மண்ணெண்ணெய் நனைத்த துணியை அரை மணி நேரம் வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் பூச்சையும் செம்மண்ணையும் மெதுவாக எடுக்க வேண்டும். மேலே மெல்லிய தாளை ஒட்டி, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் ஒவ்வோர் எழுத்தாக எழும்பி வரும். அதை ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். பதினேழு இலக்க நம்பரில் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் வராது. வட்டமாகத் தெரிந்தால் அது பூஜ்யம்தான்.

புகைச் சோதனைக்கு வண்டியை ஆறிய இன்ஜினோடு கொண்டு போகாதீர்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடானதும் காட்டுங்கள். பழைய டீசல் வண்டி கரும்புகை தள்ளினால் முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள், எங்கள் ஊர்ச் செம்மண் புழுதி அதில் கைப்பிடி இருக்கும். அதிலும் தீரவில்லை என்றால்தான் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் பக்கம் போக வேண்டும்.

இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, வரி ரசீது மூன்றும் அன்றைய தேதிக்குச் செல்ல வேண்டும். கட்டணம் மாறிக்கொண்டே இருப்பதால் பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் பார்த்துக் கட்டிவிடுங்கள். டாக்சிக்காரர்களே, எஃப்.சி. முடிந்த டாக்சியைச் சட்டம் பதிவான வண்டியாகவே கருதாது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு மல்லுக்கட்டி வருடக்கணக்கில் அலைய வேண்டிவரும். ஒரு நாள் சவாரிதானே என்று எடுக்காதீர்கள்.

ஆச்சியின் காருக்கு ஐந்து வருடம் கிடைத்தது. இப்போது ஞாயிறுதோறும் காலையில் வாட்ச்மேனின் மகன் அதை எடுத்து, கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடி வரை வந்து திரும்புகிறான். லைசென்ஸ் இருக்கிறது, நிதானமாக ஓட்டுகிறான். போகிற வழியில் என் கடை வாசலில் நிறுத்தி, பிரேக்கை இரண்டு தடவை மிதித்து, "சரியா இருக்காண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவான்.