'க்ளோஸ்டு ரிடக்‌ஷன்': குறைப்பது எதை?

மூக்கு எலும்பு உடைந்தவர்களுக்கு மருத்துவர் எழுதித் தருகிற சொல் இது. இதை 'மூடிய குறைப்பு' என்று தமிழாக்கினால் அது தவறு. மூக்கைச் சின்னதாக்கப் போகிறார்களோ என்று படிக்கிறவர் பயந்துபோவார்.

ரிடக்‌ஷனின் வேர் லத்தீன். 'ரெ' என்றால் திரும்ப, 'தூகெரே' என்றால் அழைத்துச் செல்வது. இரண்டும் சேர்ந்தால், விலகியதைத் திரும்ப அதன் இடத்துக்குக் கொண்டுவருவது. குறைத்தல் என்ற பொருள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது, எலும்பு வைத்தியம் பழைய பொருளை விடவேயில்லை. 'க்ளோஸ்டு' என்பது தோலைக் கீறித் திறக்காததைக் குறிக்கிறது.

சொல்லை விட வேலை பழையது. சுமார் கி.மு. 1600-இல் எழுதப்பட்ட எகிப்தின் எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்ற மருத்துவச் சுவடி, உடைந்து கோணிய மூக்கை அதன் இடத்தில் சேரும்படி அழுத்திவிட்டு, எண்ணெய்ப்பசையில் தோய்த்த இரண்டு துணித்திரிகளை உள்ளே வைத்து, வெளியே விறைப்பான துணிச்சுருளால் அணைகொடுக்கச் சொல்கிறது. இன்றைக்கும் கிட்டத்தட்ட இதேதான்: மரத்துப்போக மருந்து கொடுத்து, நாசித்துளை வழியாக நெம்பியை விட்டு அழுந்திய எலும்பைத் தூக்கி, வெளியிலிருந்து விரலால் நேராக்கி, ஒரு வாரம் போல மேலே பட்டை போட்டுவைப்பார்கள்.

சரி, தமிழில்? நம் வீடுகளில் "எலும்பை உட்கார வைத்தாச்சு" என்போமே, லத்தீன் வேர் சொல்வதும் அதைத்தான். எழுத்தில் 'கீறாமல் எலும்பு சேர்த்தல்' என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. 'மீள்நிலைப்படுத்தல்' சரியான சொல்தான், ஆனால் வலியோடு உட்கார்ந்திருப்பவரிடம் அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

வீக்கம் வடிய மூன்று முதல் ஐந்து நாள் பொறுத்துச் செய்வது வழக்கம், ஆனால் பெரியவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள், குழந்தைகளுக்கு எலும்பு சீக்கிரம் கூடிவிடும் என்பதால் ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஒரு நிலைமையில் மட்டும் பொறுக்கவே கூடாது. மூக்கின் நடுச்சுவரில் ரத்தம் கட்டியிருந்தால் சில நாட்களிலேயே குருத்தெலும்பு அழுகி மூக்குத்தண்டு உள்ளே இறங்கிவிடும். அப்போது 'கீறாமல்' என்ற சொல்லுக்கு இடமில்லை, அன்றைக்கே கீறி ரத்தத்தை எடுத்தாக வேண்டும்.